ஒரு நிமிடச் செய்தியும் பன்னிரண்டு புளியங்கொட்டைகளும்



"ஐயா, நான் இவ்வளவுதான் பேசினேனா?"

2023-ஆம் ஆண்டு, பெற்றோர் சந்திப்பு நாள் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, பள்ளி வாயிலில் நின்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் குரலில் சினம் இல்லை. சினந்து பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். அவரோ உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்புபவரைப் போலக் கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் பள்ளியில் ஓர் அட்டை விளையாட்டு பிறந்தது. காணொலி தயாரிப்பைப் பலகை விளையாட்டின் வழி கற்பிக்க முடியுமா என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்டிருந்தார்கள். முடியும் என்று ஒற்றைச் சொல்லில் கூறிவிடலாம். ஆனால், அதற்கு முன் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விளையாட்டை மட்டும் சொன்னால் அதன் பொருள் விளங்காது.

பதினான்கு நிமிடமும் ஒன்றரை நிமிடமும்

மெர்சிங் என்றதும் பலருக்கும் தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊர் என்பதுதான் நினைவுக்கு வரும். ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்தபடி, ஓர் ஆற்றின் முகத்தில் அமைந்த சிறுநகரம் இது. விடுமுறைக் காலங்களில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், படகேறுவார்கள், போய்விடுவார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஊர் எங்களுடையது.

2023 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். மெர்சிங்கும் தப்பவில்லை. வெள்ளம் வடிந்து, புதிய பள்ளித் தவணை தொடங்கியதும் எங்கள் ஊடகக் குழுவின் ஆறு மாணவர்கள், "வெள்ளத்தைப் பற்றி ஒரு காணொலி எடுக்கலாம் ஐயா" என்றார்கள். எனக்குப் பெருமகிழ்ச்சி. கைப்பேசியை எப்படிப் பிடிப்பது, எந்தச் செயலியில் எப்படி வெட்டி ஒட்டுவது, எழுத்துகளை எப்படித் திரையில் ஏற்றுவது, பின்னணி இசையை எங்கே சேர்ப்பது என்பனவற்றை எல்லாம் இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஆற்றோரத்தில் தனியாக வாழும் அந்தப் பாட்டியை நேர்காணல் செய்தோம். பதினான்கு நிமிடம் பேசினார். நள்ளிரவில் நீர் வீட்டுக்குள் வந்தது, பக்கத்து மலாய்க் குடும்பத்து இளைஞர் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்றது, துயர் துடைப்பு மையத்தில் தம் வயதொத்த சீனப் பெண்மணியோடு ஒரே பாயில் படுத்துக் கதை பேசியது என்று எவ்வளவோ சொன்னார். இடையில் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார்.

"நான் செத்திருந்தாகூட மூணாவது நாள்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மாணவர்கள் பதினான்கு நிமிடத்தை ஒன்றரை நிமிடமாகச் சுருக்கினார்கள். அந்த வாக்கியத்தை முதலில் வைத்தார்கள். கீழே சோகமான இசையை ஓடவிட்டார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் திரையிட்டபோது மண்டபமே அமைதியாகிவிட்டது. இரண்டு தாய்மார்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பின்வரிசையில் நின்று பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ ஒருவர் திரையில் ஓடியதைத் தம் கைப்பேசியில் பதிவுசெய்து புலனத்தில் அனுப்பியிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி மகனின் உறவினர்களுக்கும், பிறகு மகனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "பெற்ற தாயைக்கூடக் கவனிக்கவில்லையா?" என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

பாட்டி அந்த வாக்கியத்துக்கு அடுத்துச் சொன்னது இதுதான்: "என் போனு தண்ணியில போயிருச்சு. அவன் யார்கிட்ட கேட்பான்? அக்கம்பக்கம் எல்லா வீடும் காலி. ரோட்டையும் மூடிட்டாங்க. அப்படியும் மூணாவது நாள் முழங்கால் தண்ணியில நடந்தே வந்துட்டான், பாவம்."

இந்தப் பன்னிரண்டு வினாடிகள் எங்கள் காணொலியில் இல்லை. "அவன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி ஒரு மாசம் ஆச்சு ஐயா" என்றார் பாட்டி.

மாணவர்களை நான் குறைகூற மாட்டேன். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். சுவையான வாக்கியத்தை முன்னே வை, நீளமானதை வெட்டு என்று சொல்லிக் கொடுத்தவன் நான். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கற்பித்தேன். எதை விடுகிறோம், விட்டதால் யாருக்கு என்ன நேரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மழைக்காலமும் பரமபதமும்

அதன்பிறகு ஊடகக் குழு சில மாதங்கள் கூடவே இல்லை. எனக்கு மனம் வரவில்லை.

நவம்பரில் பருவமழை தொடங்கியது. ஓய்வு நேரத்தில் திடலுக்குப் போக முடியாத மாணவர்கள் வகுப்பறையிலேயே பாம்பும் ஏணியும் ஆடினார்கள். சிலர் சைதினா ஆடினார்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சைதினாவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மொனோப்பொலியைப் போல நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் ஆட்டம். எதைப் படித்தாலும் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும் ஒரு மாணவன், இந்த ஆட்டத்தில் வாடகைக் கணக்கைப் பிழையின்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். விதியை மீறிய நண்பனிடம் நீதிபதியைப் போல வாதாடினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது.

விளையாட்டுப் பலகையை வைத்துப் பாடம் சொல்வது நமக்குப் புதிதல்ல. பாம்பும் ஏணியும் ஆட்டத்தின் மூத்த வடிவமான பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். ஏணியின் அடியில் நற்குணங்கள், பாம்பின் தலையில் தீக்குணங்கள், உச்சியில் வீடுபேறு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடப்பட்ட அந்த ஆட்டம், எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் ஓர் அறநூலாக இருந்தது.

சைதினாவின் மூதாதையான ஆட்டத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-ஆம் ஆண்டில் 'நிலக்கிழாரின் ஆட்டம்' என்னும் பொருள்படும் பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை ஒருசிலரே குவித்து வைத்திருந்தால் மற்றவர்கள் எப்படி வறியராவார்கள் என்று காட்டுவதே அவரது நோக்கம். அதன் வழிவந்த மொனோப்பொலியைப் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935 முதல் விற்றபோது அந்தப் பாடம் மறைந்து, நிலத்தைக் குவிப்பவரே வெற்றியாளர் என்ற மகிழ்ச்சி மட்டும் எஞ்சியது. விளையாட்டு எதைப் பரிசளிக்கிறதோ அதையே பிள்ளைகள் கற்பார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஊடகத் தயாரிப்பையே விளையாட்டாக்கியவரும் உண்டு. 1970-களில் இங்கிலாந்தில் கென் ஜோன்ஸ் என்பவர் பள்ளிகளுக்காகப் பல பாவனைப் பயிற்சிகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று 'ரேடியோ கவிங்ஹாம்'. மாணவர்கள் ஒரு வானொலி நிலையத்தின் பணியாளர்களாக மாறுவார்கள். செய்திக் குறிப்புகளும் கடிதங்களும் வந்துகொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்து பத்து நிமிட நிகழ்ச்சியைப் படைக்க வேண்டும். அதற்கு ஒலிபரப்பு நிலையம் தேவையில்லை, தாள்களும் ஒரு கடிகாரமும் இருந்தால் போதும். இதை அறிந்தபோது எனக்குத் துணிவு வந்தது. எங்களிடமும் தாள்களும் கடிகாரமும் இருந்தன.

முதல் அட்டை தோற்ற கதை

ஒரு வாரம் உழைத்து மணிலா அட்டையில் ஐம்பது கட்டங்கள் வரைந்தேன். பகடையை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். "ஒலிவாங்கியைச் சோதித்தாய், ஏணியில் ஏறு." "மின்கலம் தீர்ந்தது, மூன்று கட்டம் பின்செல்." "அனுமதி கேளாமல் படம் பிடித்தாய், பாம்பு கொத்தியது." அழகாக வண்ணமும் தீட்டினேன்.

மாணவர்கள் மகிழ்ச்சியாக ஆடினார்கள். இருபது நிமிடத்தில் முடிந்தது. "அனுமதி ஏன் கேட்க வேண்டும்?" என்று கேட்டேன். "கேட்காவிட்டால் பாம்பு கொத்தும் ஐயா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிரவு எனக்குப் புரிந்தது. என் அட்டையில் எல்லாம் பகடையின் செயல். ஒலிவாங்கியைச் சோதித்ததும் பகடை, அனுமதி கேளாததும் பகடை. பரமபதத்துக்கு அது பொருந்தும். மனிதனை மீறிய ஊழைப் பற்றியும் அந்த ஆட்டம் பேசுகிறது. ஆனால், பாட்டியின் பன்னிரண்டு வினாடிகளை வெட்டியது ஊழ் இல்லை, நாங்கள். தானே தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காகத் தண்டனை பெறும் பிள்ளை அதிலிருந்து எதைக் கற்க முடியும்?

பகடையைத் தூக்கி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு புளியங்கொட்டைகள்

இரண்டாவது அட்டை உருவாக மூன்று வாரம் ஆனது. அதற்கு 'ஒரு நிமிடச் செய்தி' என்று பெயரிட்டோம். நான்கு மாணவர் ஓர் அணி. செய்தியாளர், ஒளிப்பதிவாளர், ஒலிப் பொறுப்பாளர், படத்தொகுப்பாளர் என ஆளுக்கொரு பொறுப்பு. அட்டையில் நான்கு வரிசைகள் உண்டு: திட்டமிடல், படப்பிடிப்பு, தொகுப்பு, ஒப்புதல்.

அணிக்குப் பன்னிரண்டு புளியங்கொட்டைகள் வழங்கப்படும். ஒரு கொட்டை ஐந்து நிமிடம். ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம். எதைச் செய்தாலும் கொட்டை செலவாகும். பேட்டி கொடுப்பவரிடம் முன்னதாகச் சென்று பேசிப் பழக இரண்டு. இடத்தைச் சுற்றிப் பார்க்க ஒன்று. ஒலியைச் சோதிக்க ஒன்று. கைப்பேசித் தாங்கியை அமைக்க ஒன்று. கெட்டுப்போன காட்சியை மீண்டும் எடுக்க மூன்று. எல்லாவற்றையும் செய்து, காட்சிகளையும் மீண்டும் மீண்டும் எடுத்தால் கொட்டைகள் போதா. எதைச் செய்வது, எதைத் துணிந்து விடுவது என்று நால்வரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒலியைச் சோதிக்காமல் சென்ற அணியின் பேச்சு அட்டைகளில் பாதி கவிழ்க்கப்படும். அவற்றில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். இப்போது அது அவர்களின் தேர்வால் வந்த விளைவு.

ஊருக்கேற்ற ஒரு சேர்க்கையும் உண்டு. மெர்சிங் ஆற்றின் முகத்தில் ஆழம் குறைவு. கடல்நீர் ஏறினால்தான் தியோமான் படகுகள் போய்வர முடியும். அதனால் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். படப்பிடிப்பு வரிசையின் நடுவில் ஓர் 'ஓத அட்டை' எடுக்க வேண்டும். "நீர் வற்றிவிட்டது, படகோட்டி காத்திருக்கிறார், இரண்டு கொட்டை பெறுக" என்றும் வரலாம். "நீர் ஏறிவிட்டது, படகு புறப்படுகிறது, இரண்டு கொட்டை இழக்க" என்றும் வரலாம். தற்செயல் என்பது இந்த ஆட்டத்தில் இங்கு மட்டும்தான். உண்மையான படப்பிடிப்பிலும் அது இருக்கிறது என்பதால் விட்டுவைத்தேன். எல்லாக் கொட்டைகளையும் முன்னமே செலவழித்த அணி இங்கே தடுமாறும்.

அடுத்துத் தொகுப்பு. இருபத்து நான்கு காட்சி அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படமோ பேச்சோ இருக்கும், அதன் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். சில ஐந்து வினாடி, சில இருபது வினாடி. மொத்தம் இருநூற்று நாற்பது வினாடிகள். அறுபது வினாடிக்குள் அடக்க வேண்டும். அதாவது, நான்கில் மூன்று பங்கை விட்டாக வேண்டும்!

காட்சிகளின் வகைகளும் இங்கேதான் மனத்தில் பதிந்தன. ஊரையே காட்டும் அகலக் காட்சி, ஆளை இடுப்புவரை காட்டும் இடைநிலைக் காட்சி, முகத்தையோ கையையோ மட்டும் காட்டும் அண்மைக் காட்சி. கரும்பலகையில் எழுதிப் போட்டால் மறந்துவிடுவார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இங்கே பாட்டியின் கையைக் காட்டினால் போதும், முகம் வேண்டாம்" என்று சண்டையிடும்போது அது அவர்களுடைய சொல்லாகிவிடுகிறது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் உருசியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த ஒரு சோதனையையும் அட்டைகளால் செய்து பார்த்தோம். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்து வைத்தால் பசியாகவும், சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தால் துயரமாகவும் பார்ப்பவர்க்குத் தோன்றும் என்பது அவர் காட்டியது. நாங்கள் ஒரு மீனவரின் முகத்தை வைத்தோம். பக்கத்தில் நிறைந்த மீன்கூடை. "மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்றார்கள். கூடையை எடுத்துவிட்டு வெறுங்கூடையை வைத்தேன். முகம் மாறவில்லை. ஆனால், வகுப்பு அமைதியானது. "ஐயா, அப்படியென்றால் நாம் நினைத்ததை அவர் முகத்தில் வைத்துவிடலாமா?" என்று கேட்டான் அந்தச் சைதினா நீதிபதி.

"வைத்துவிடலாம்" என்றேன். "அதனால்தான் நான்காவது வரிசை இருக்கிறது."

"ஒப்பவில்லை"

நான்காவது வரிசையில் கட்டம் ஒன்றே ஒன்று: ஒப்புதல். அணியில் சேராத ஒரு மாணவர் 'பேசியவர்' என்னும் பொறுப்பில் அமர்வார். பேச்சு அட்டைகளின் பின்புறத்தில், அந்தப் பேச்சுக்கு முன்னும் பின்னும் சொல்லப்பட்டவை எழுதப்பட்டிருக்கும். அதை அவர் மட்டுமே முதலிலிருந்து படித்து வைத்திருப்பார். அணி தன் அறுபது வினாடியை வரிசையாக அடுக்கிக் காட்டும். அவர் பார்த்துவிட்டு "ஒப்புகிறேன்" அல்லது "ஒப்பவில்லை" என்பார். ஒப்பவில்லையெனில் காரணம் சொல்ல வேண்டும். அணி மீண்டும் தொகுப்பு வரிசைக்குச் செல்ல வேண்டும். அவர் ஒப்பினால்தான் ஆட்டம் முடியும்.

முதல் நாள் பேசியவராக அமர்ந்தவள் நான்காம் ஆண்டு மாணவி. வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவள். மார்ச்சு வெள்ளத்தில் அவள் குடும்பமும் துயர் துடைப்பு மையத்தில் சில நாட்கள் தங்கியிருந்தது. வேறு பொறுப்பு எதையும் ஏற்கத் தயங்கியதால் "நீ சும்மா உட்கார்ந்து பார், பிடித்திருக்கிறதா என்று மட்டும் சொல்" என்றேன்.

அணியினர் அடுக்கினார்கள். பாட்டி அழும் ஐந்து வினாடி அட்டையைத் தொடக்கத்தில் வைத்தார்கள். ஓர் அட்டையை இருமுறை பயன்படுத்தலாம் என்று விதி இருந்ததால், அதையே முடிவிலும் வைத்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்தி வாசிப்பாளரைப் போலக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அவள் நெடுநேரம் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒப்பவில்லை" என்றாள்.

"ஏன்?"

"நான் ஒரு முறைதான் அழுதேன். நீங்கள் இரண்டு முறை அழவைத்துவிட்டீர்கள்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தொடர்ந்தாள். "அழுதபிறகு அந்தச் சீனப் பாட்டியோடு சிரித்தேன். அது இந்த அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்கவில்லை."

அணியினர் முணுமுணுத்தார்கள். அழுகை இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒருவன் வாதிட்டான். அது நியாயமான கேள்விதான். நான் விடை சொல்லவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் வாதாடினார்கள். இறுதியில் அழுகையை நடுவில் ஒரு முறை வைத்து, அதன்பின் சிரிப்பை வைத்தார்கள். அறுபது வினாடிக்குள் அடக்க வெள்ளநீர்க் காட்சிகள் இரண்டை விட்டார்கள். அவள் ஒப்பினாள்.

அதன்பிறகு, ஓர் அட்டையை இருமுறை பயன்படுத்தலாம் என்ற விதியைப் பிள்ளைகளே அடித்துவிட்டார்கள்.

படகுத்துறையில்

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

"விளையாடவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று ஒரு தந்தை கேட்டார். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டாலும் அந்த அச்சம் இன்னும் வீடுகளில் குடியிருக்கிறது. அவரை ஒருநாள் அழைத்து ஆட்டத்தில் உட்கார வைத்தேன். "என் மகன் இவ்வளவு பேசுவானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மற்றப்படி அவர் கருத்து மாறியதா என்று நான் கேட்கவில்லை.

அட்டையால் கற்பிக்க முடியாதவையும் உண்டு. 2024 ஏப்ரலில் மழை ஓய்ந்து கடல் தெளிந்தபின், பிள்ளைகளைப் படகுத்துறைக்கு அழைத்துச் சென்றேன். திட்டத்தோடு வந்திருந்தார்கள். படகு நேரத்தை முதல்நாளே கேட்டு வைத்திருந்தார்கள். படகோட்டியிடம் அனுமதி கேட்டு, அவரோடு சிறிது நேரம் பேசிப் பழகிய பிறகே கைப்பேசியை எடுத்தார்கள். "உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்காமல், "மழைக்காலத்தில் உங்கள் நாள் எப்படிப் போகும்?" என்று கேட்டார்கள். முன்னதற்கு ஆம், இல்லை என்ற விடைதான் வரும். பின்னதற்குக் கதை வரும். ஒவ்வொரு காட்சியையும் பத்து வினாடி அசையாமல் பிடித்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பள்ளிக்குத் திரும்பிக் கேட்டால், எல்லாம் காற்றின் இரைச்சல்! படகோட்டியின் குரலே இல்லை.

"ஒலியைச் சோதித்தோம் ஐயா!" என்றாள் ஒலிப் பொறுப்பாளர், அழாத குறையாக. உண்மைதான். சோதித்தது பயணச்சீட்டு விற்கும் கூடத்துக்குள். பேட்டி எடுத்ததோ கடலோரத்தில். என் அட்டையில் "ஒலியைச் சோதி" என்றுதான் இருந்தது. எங்கே என்று இல்லை.

மறுநாள் அவளே ஒரு புதிய அட்டை எழுதி வந்தாள்: "பேசும் இடத்தில் சோதித்தாயா? காற்றுக்கு முதுகைக் காட்டினாயா? இல்லையெனில் பேச்சு அட்டைகள் அனைத்தும் கவிழும்." நான் எழுதியதைவிடக் கடுமையான விதி. அதன்பின் இப்படிப் பதினொரு அட்டைகளைப் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். வெயில் முகத்துக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுக்கும், வாகனம் போகும்போது பேச்சை நிறுத்து, கைப்பேசியின் வில்லையைத் துணியால் துடை என்று எல்லாம் பட்டறிவு. முதலில் அட்டையிலிருந்து களத்துக்குச் சென்றோம். இப்போது களம் அட்டையைத் திருத்துகிறது.

மீண்டும் பாட்டியின் வீட்டில்

அதே மாதத்தில், அந்தப் பழைய காணொலியை வெட்டிய பிள்ளைகளில் மூவர் ஆறாம் ஆண்டில் இருந்தார்கள். "பாட்டியிடம் ஒப்புதல் கேட்கவே இல்லையே ஐயா" என்று அவர்களே சொன்னார்கள். பதினான்கு நிமிடப் பதிவு என் கணினியில் இருந்தது. மீண்டும் வெட்டினார்கள். இம்முறை இரண்டு நிமிடம். மகன் முழங்கால் நீரில் நடந்து வந்தது அதில் இருந்தது. மகனைப் பற்றிய அந்த வாக்கியத்தை அறவே நீக்கியிருந்தார்கள்.

பாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். சுவரில் நீர் நின்ற கறை இன்னும் இடுப்பளவில் தெரிந்தது. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் கணினியை நாற்காலியில் வைத்து ஓட்டினார்கள். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் செத்திருந்தாலும்னு சொன்னேனே, அது எங்கே?"

"எடுத்துவிட்டோம் பாட்டி. உங்களுக்கு வருத்தம் என்று..."

"அது நான் சொன்னதுதானே சாமி. அப்போ எனக்குக் கோபமும் இருந்துச்சு. அது இருக்கட்டும். அதுக்கு அடுத்துச் சொன்னதும் இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நான் பேசினது."

நாங்கள் விளையாட்டில் எண்ணிப் பார்க்காத ஒன்று இது. ஒருவரைக் காப்பாற்றுவதாக நினைத்து வெட்டினாலும் வெட்டு வெட்டுதான். பிள்ளைகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை உரிய இடத்தில் சேர்த்தார்கள். பாட்டி மறுமுறை பார்த்தார். "ம்" என்றார். பிறகு எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார். மகன் அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்திருந்ததாகப் பின்னர் அறிந்தேன். அது எங்கள் காணொலியால் என்று சொல்ல மாட்டேன். தாயும் மகனும் எப்படியும் பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் செய்தது, எங்கள் பிழையை அவர்கள் நடுவிலிருந்து எடுத்தது மட்டுமே.

நீங்களும் செய்யலாம்

கேட்ட நண்பர்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. தேவையானவை: மணிலா அட்டை இரண்டு, புளியங்கொட்டை பன்னிரண்டு, வெட்டிய காட்சி அட்டைகள் இருபத்து நான்கு, ஒரு கடிகாரம். கைப்பேசி தேவையில்லை.

2. காட்சி அட்டைகளை உங்கள் ஊர்ச் செய்தியிலிருந்து எழுதுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, மூடப்பட்ட பழைய கடையோ, எதுவாயினும் சரி. பேச்சு அட்டைகளின் பின்புறம் முன்பின் சொன்னவற்றை மறவாமல் எழுதுங்கள்.

3. பகடை வேண்டாம். தற்செயல் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்.

4. 'பேசியவர்' பொறுப்பை வகுப்பில் குறைவாகப் பேசும் மாணவருக்குக் கொடுங்கள்.

5. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பாட வேளையில் முடியாது. புறப்பாட நேரம் ஏற்றது.

6. ஆட்டம் முடிந்த வாரமே களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கை நடுங்குவதையும் காற்று வீசுவதையும் அட்டை கற்பிக்காது.

7. களத்திலிருந்து திரும்பியதும் பிள்ளைகளைப் புதிய அட்டை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் அட்டை இப்போது மூன்றாவது முறையாக ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது. ஓரங்கள் கிழிந்துவிட்டன. புளியங்கொட்டைகளில் இரண்டு காணாமல் போய், அவற்றுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான்கள் வந்திருக்கின்றன. ஒப்புதல் கட்டத்தில் மட்டும் பாட்டி சொன்னதைப் பிள்ளைகள் தம் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: "ரெண்டும் சேர்ந்தாத்தான் நான் பேசினது."

செய்து பார்த்தவர்கள், தங்கள் ஊரில் என்ன புதிய அட்டை பிறந்தது என்று எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கிறார்கள்.